வாசல்வரை தவழ்ந்தவள்

பத்தரைக்குள் ஆணி அடித்தாக வேண்டும் என்று பூசாரி மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் போனார். கிம்சுவா மனைவி போசூவின் சவப்பெட்டியருகே நின்று தெருவையே முறைத்துக்கொண்டிருந்தார். அழ வேண்டியவள் இன்னும் வரவில்லை.

போசூ பெண்பிள்ளை பெறவில்லை. மகள் இல்லாதவள் செத்தால் கூலிக்கு ஒருத்தி வந்து, தெருமுனையிலிருந்து முழங்காலால் தவழ்ந்து அழ வேண்டும். வீட்டுக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் அவள் எழுந்து படியேறலாம். புத்தாய் துறைமுகத்தில் அதுதான் வழக்கம். ஆள் பிடித்து வருவதாகப் போசூவின் தம்பி பெங்ஹுய் ஏற்றிருந்தான். கிம்சுவாவுக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. யார்மேலும்தான் இல்லை.

"எங்கடா உன் ஆளு? பஸ்ஸ விட்டுட்டாளா, இல்ல நீ சொல்லவே இல்லையா?"

"வந்துருவா மச்சான். சும்மா நில்லுங்க. உள்ள கெடக்குறது என் அக்கா."

முனையில் ஒரு வேன் நின்றது. சணல் முக்காடு முகத்தை மூட, ஒருத்தி இறங்கி மண்டியிட்டாள். மார்போடு நாலு நரம்புப் பிப்பா வாத்தியம். தவழ்வாள், நிற்பாள், நரம்பை மீட்டுவாள், பாடி அழுவாள், மறுபடி தவழ்வாள்.

"சிப்பி ஒடச்ச கையே, உப்பு குடிச்ச கையே, எனக்குச் சீவிவிட்ட கைய எங்க வச்சுட்டுப் போற..."

பந்தலில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"நான் செத்தா இவளையே கூப்பிடுங்கடி."

"நீ சாகுறதுக்குள்ள அவ கெழவி ஆயிருவா."

கிம்சுவாவும் மூக்கைச் சிந்தினார். கூலிக்கு வந்தவளுக்குப் போசூ சிப்பி உடைத்துப் பிழைத்த விஷயம் எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர் அதில்தான் கோட்டைவிட்டார்.

அவள் வாசல்வரை வந்ததும் கையை நீட்டினார். பற்றிய கை அவர் கையைவிடப் பெரியதாக இருந்தது. விரல்களில் மீட்டுவதற்கான பொய் நகங்கள். அவள் நிமிர, முக்காடு சரிந்தது. வெள்ளைப் பூச்சு, சிவந்த உதடு, வரைந்த புருவம். கண்ணீர் பூச்சை அறுத்த இடத்தில் மழித்த தாடையின் பச்சை.

சூன்லியாங்!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் போனில் காட்டினான்: தைப்பே மேடையில் இதே பூச்சோடு, பெண் உடையில், தன்னந்தனியாகப் பிப்பா வாசித்துப் பாடும் மகன். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அன்றைக்கே கிம்சுவா சொல்லிவிட்டார், இனி என் படி ஏறாதே என்று.

"தூக்கிவிடுங்கப்பா. அம்மா முகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன்."

"இந்த வேஷத்துலயா?"

"அவங்கதான் இப்படி வரச் சொன்னாங்க. எனக்கு அழ நீதான்டி இருக்கேன்னாங்க."

கிம்சுவா கையை விட்டார்.

பெங்ஹுய் ஓடிவந்தான். "ஏமாத்துனது நான் மச்சான். அடிக்கணும்னா என்னை அடிங்க. பிள்ளைய உள்ள விடுங்க."

"எனக்குப் பொண்ணு கெடையாது. ஊருக்கே தெரியும்."

பூசாரி நேரம் என்றார். முதல் ஆணி தாய்மாமன் அடிக்க வேண்டும். பெங்ஹுய் சுத்தியலைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"நேரம் தப்பினா கேடு எனக்கில்லடா. உன் அக்காவுக்கு," என்றார் கிம்சுவா.

பெங்ஹுய் அடித்தான்.

தூக்கிவிட யாரும் இல்லாததால் சூன்லியாங் மண்டியிட்டபடியே இருந்தான். பெட்டியைச் சுமந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவன் நெற்றியைத் தார்ரோட்டில் வைத்தான். ஊர் மொத்தமும் பின்னால் போயிற்று. மனைவியின் பெட்டிக்குப் பின்னால் புருஷன் போகக்கூடாது. கிம்சுவா தங்கினார்.

வெயில் ஏறியது. பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்தார். பிடித்து எழ, மகனுக்குக் கை எட்டும் இடத்தில் வைத்தார். முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய், கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

வெளியே ஸ்டூல் கால் ரோட்டில் உரசியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் காலடிச் சத்தம். ஒரு கால் இழுத்து இழுத்து, தெருமுனைப் பக்கமாக.