தனக்கொடி உபயம்

என் வீட்டுக்காரர் கண்ணையனைக் கஞ்சன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெருவே சொல்லும்போது நான் வேறு எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? ஆடி பிறந்து, மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் கூழ் ஊற்ற வசூலுக்கு வந்தால் போதும், மனிதருக்கு உடனே குளிக்க வேண்டும் என்று தோன்றிவிடும். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போகும்வரை தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்காது. முதலியார்பேட்டையில் இவ்வளவு சுத்தமான ஆளைப் பார்க்க முடியாது.

இதில் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். உபயம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே சாமி ஊர்வலம் போகும் டிராக்டரில் இடம். மற்றதுகள் பின்னால் நடந்து புகையைக் குடிக்க வேண்டியதுதான். என் மகள் செல்வி ஏழாவது படிக்கிறாள், சின்னவன் மாறன் மூன்றாவது. இரண்டும் வருஷா வருஷம் புகை குடித்தே வளர்ந்தவை.

எனக்கும் ஒரு குறை உண்டு. என் பெயர் தனக்கொடி. இந்தத் தெருவில் அதைச் சொன்னால், அது யார் என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கண்ணையன் சம்சாரம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்களும், எதிர் வீட்டு அன்னக்கிளியும், வாசலில் நின்று 'கண்ணையன் வூட்ல' என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கார்டில் மட்டும் என் பெயர் இருக்கிறது. அடுத்தவர் வாயால் அதைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

கூழ் ஊற்றி ஊர்வலம் போகிற அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சேதராப்பட்டு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். கோயில் ஸ்பீக்கர் ஒன்றை எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். கமிட்டி பக்கிரி பாட்டை நிறுத்திவிட்டு உபயதாரர் பெயர்களை வாசித்தார். எல்லாம் வழக்கமான பெயர்கள். பிறகு, "தனக்கொடி, ரெண்டாயிரம் ரூபா" என்றார்.

என் கால் மிதிப்பதை மறந்துவிட்டது. யாரோ வேறு தனக்கொடி என்று நினைத்தேன். ஆனால் பக்கிரி, நம் தெருவில் ஜாக்கெட் தைக்கிற தனக்கொடி என்று விளக்கமாக இன்னொரு தடவை வாசித்தார். கண்ணையன் சம்சாரம் என்று சொல்லவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷம்தான் அதிகம்.

அப்புறம்தான் பணம் யாருடையது என்ற நினைப்பே வந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற இரண்டு பேரையும் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தூங்குகிற அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு போய், கோயில் வாசலில் ஒட்டியிருந்த கியூஆர் கோடில் பணத்தை அனுப்பிவிட்டு வந்திருக்கிறார்கள். அவருடைய பின் நம்பர் எங்கள் கல்யாண வருஷம். கல்யாண நாளை மறக்கிற மனிதர் வருஷத்தையாவது நினைவில் வைத்திருக்கிறாரே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அப்பா காசுக்கு என் பெயரை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அதையும் மாறன் யோசித்து வைத்திருந்தான்.

"அப்பா பேர் போட்டா எங்கள அடிப்பாரு. ஒம் பேர் போட்டா ஒங்கிட்டதான சண்ட போடுவாரு."

ஸ்பீக்கர் சத்தத்தில் அவரும் எழுந்துவிட்டார். போனைப் பார்த்தார். வண்டிக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம் அது. தேய்ந்துபோன டயரோடுதான் தினமும் சேதராப்பட்டு போய் வருகிறார், கோபம் நியாயம்தான். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவர் கை ஓங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, போய்த் திருப்பி வாங்கி வருகிறேன் என்றார்.

திருப்பிக் கேட்டால் பக்கிரி அதையும் மைக்கில் சொல்லாமல் விடமாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை காதில் விழுந்த பெயர், அடுத்த ஆடி வரைக்கும் தெருவுக்குச் சிரிப்பாகிவிடும்.

"திருப்பிக் கேக்காதீங்க. ஜாக்கெட் தெச்சு நானே குடுத்துடறேன்."

"காசு என்னுது, பேரு ஒன்னுதா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நானும் பிள்ளைகளும் வாசலில் நின்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் என்ன தெரியப்போகிறது? இருந்தாலும் பார்த்தோம். டிராக்டரே வேண்டாம்மா என்று செல்வி அழ ஆரம்பித்தாள். மாறனும் கண்ணைக் கசக்கினான், ஆனால் டிராக்டர் வேண்டாம் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. பாட்டு பாதியில் நின்றது. நான் செல்வி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ணையன், நூத்தி ஒரு ரூபா" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கொடுத்ததைத் திருப்பி வாங்கப் போன மனிதர், தன் பெயரும் மைக்கில் வர வேண்டும் என்று மேற்கொண்டு நூற்றி ஒன்று அழுதிருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. மைக்கை அணைக்காமலே பக்கிரி அவரிடம் பேசுவது கேட்டது. தெருவில் பால்காரர் ஒருவரும் கண்ணையன்தான், அதுதான் பக்கிரிக்குச் சிக்கல்.

"கண்ணையன்னு ரெண்டு பேரு இருக்கீங்களே. ஒன்ன இன்னான்னு சொல்லட்டும்?"

ஸ்பீக்கர் ஒரு தடவை கரகரத்தது. பிறகு என் வீட்டுக்காரர் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"தனக்கொடி வூட்டுக்காரன்னு சொல்லு."

கூழ் வாங்கத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிள்ளைகள் எனக்கு முன்னால் டிராக்டரைப் பார்த்து ஓடிவிட்டார்கள். எதிர் வீட்டு அன்னக்கிளி வாசலுக்கு வந்து, "இன்னா தனக்கொடி, கூழுக்கா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது காதில் விழாத மாதிரி நின்றேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.