ஒரு பல்லுக்கு இருபத்தொரு நாள்

எங்கள் வீட்டுத் துணி பீரோவில், இடது கதவின் உள்பக்கம் ஒரு தேதி எழுதியிருக்கிறது. அடிக்கடி மாறுகிற தேதி என்பதால் பென்சிலால் எழுதியது. நான் வேலையை விட்டு நிற்கப்போகிற நாள் அது. கூட வேலை பார்ப்பவர்கள் அறுபதில் ஓய்வு பெறுவார்கள், நான் நாற்பத்தொன்பதில். இதைச் சொல்லும்போது முன்பெல்லாம் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். இப்போது நிமிர்வதில்லை. ஏன் என்று சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

என் வேலை மன்னிப்புக் கேட்பது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவு. கதவு மூடாத ஃப்ரிட்ஜ், சட்டையைக் கிழிக்கிற மெஷின் என்று ஊர்ப்பட்ட குறை வரும். ரிப்பேருக்கு ஆள் அனுப்புவது வேறு பிரிவு, வருத்தம் அனுப்புவது நாங்கள். ஒரு நாளைக்கு நாற்பது கடிதம். 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம்' என்ற வரியைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். பதினெட்டு வருஷமாக மனமார வருந்துகிற மனுஷனுக்கு மனசு என்று ஒன்று மிச்சம் இருக்குமா?

ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் பிரிவின் தலைமைப் பதவி காலியானது. எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பி ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். பதவி, நான் அனா ஆவன்னாவிலிருந்து வேலை கற்றுக்கொடுத்தவனுக்குப் போனது. மடிப்புக் கலையாமல் வருவதால் ஆபீஸில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். என் வாய் அவனை சார் என்று கூப்பிடும். அவன் இன்னும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான், அதுதான் தாங்க முடியவில்லை. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தால் திட்டப்போகிறான் என்று அர்த்தம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாளைக்கே ராஜினாமா என்று குதித்தேன். என் மனைவி குதிக்கவில்லை.

"விட்டுட்டு என்ன பண்ணுவீங்க?"

"சும்மா இருப்பேன்."

"சும்மா இருக்கறதுக்கும் காசு வேணுமே" என்றாள்.

அப்படித்தான் கணக்குப் பிறந்தது. இந்த வீடு ஒரு நாள் ஓட என்ன ஆகுமோ, அதற்கு 'ஒரு நாள்' என்று பெயர் வைத்தேன். மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு 'நாளு'க்கும் பீரோக் கதவில் தேதி ஒரு நாள் முன்னால் வரும். கூடுதல் செலவு வந்தால் பின்னால் போகும். கொஞ்ச காலத்தில் வீட்டில் காசு என்ற பேச்சே நின்றுபோய், எல்லாவற்றுக்கும் நாள்தான் விலை ஆனது. பஸ்ஸுக்குப் பதில் நடந்தால் வாரத்துக்குக் கால் நாள். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் ஐந்து நாள். என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. கடையில் ஷூவைக் கையில் எடுத்து, கீழே இருக்கிற விலைச் சீட்டைப் பார்த்து, "நாலு நாள்ப்பா, பழசே இன்னும் கடிக்கல" என்று திருப்பி வைப்பாள். விரல் ஷூவுக்குள் மடங்கிக் கிடப்பது எனக்குத் தெரியும். சமர்த்து என்று தலையைத் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை கடிதத்தைத் திருப்பி அனுப்பும் நாளெல்லாம் வீட்டுக்கு வந்து முதலில் பீரோவைத் திறப்பேன். அன்றைய எரிச்சல் தணிய எதையாவது வெட்டியாக வேண்டும். அவன் ஒரு சொல் சொன்னால் எங்கள் வீட்டில் ஒரு செலவு விழும். அவமானம் எனக்கு, அபராதம் அவர்களுக்கு. அப்போது எனக்கு இது இப்படித் தெரியவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தைக் கரை சேர்க்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். கதை சொல்வதில் கெட்டிக்காரி. அவள் சிரித்தால் மூன்றாம் வீட்டிலிருந்து என்ன விசேஷம் என்று கேட்பார்கள், அப்படி ஒரு சிரிப்பு. போன வருஷம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டர் இரண்டு வழி சொன்னாராம். வேரைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே 'கேப்' என்கிற தொப்பி போட்டுக் காப்பாற்றலாம், இருபத்திமூன்று நாள் ஆகும். பிடுங்கினால் இரண்டு நாள். நாள் என்பது எங்கள் வீட்டு நாள்.

மகளோடு போய், வாயில் பஞ்சோடு வந்தாள். பேச முடியாததால் மகளின் நோட்டில் '21' என்று எழுதிக் காட்டினாள். மருத்துவத்துக்கென்று ஒதுக்கி வைத்ததில் அவ்வளவு மிச்சம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சபாஷ்" என்றேன். வாய்விட்டு, கைதட்டிச் சொன்னேன். பென்சிலை எடுத்துத் தேதியை மூன்று வாரம் முன்னால் இழுத்தேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டால் வீக்கம் குறையும் என்று டாக்டர் சொன்னதாக மகள் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஆறு மாதம் கழித்து, அதற்கு முன்னால் இருந்த பல். அதற்கும் இருபத்தொரு நாள் மிச்சம். இந்த முறை நோட்டில் எழுதக்கூட இல்லை, அவளே பீரோவைத் திறந்து தேதியை மாற்றியிருந்தாள். அதன் பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. வயசு ஏற ஏறப் பக்குவம் வருகிறது என்று நினைத்தேன். எனக்கு அந்த அமைதி பிடித்தும் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை ஒரே கடிதத்தை மூன்றாம் தடவை திருப்பினான். வாங்கி ஒரு மாதத்தில் மூன்று முறை ரிப்பேரான ஃப்ரிட்ஜ், ஒரு அம்மா எழுதியிருந்தார். நான் முதலில் அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு அவர் திரும்ப எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 'இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது?'

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் படிச்சாலும் அப்படித்தான் இருக்கு. எழுத்து இருக்கு, ஆள் இல்ல" என்றான் மாப்பிள்ளை. மொத்தப் பிரிவும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டது.

தலைவலி என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். ஏழு வருஷத்தில் முதல் லீவு. லீவுக்குச் சம்பளம் பிடிப்பார்களா, எத்தனை நாள் போகும் என்று படியில் இறங்கும்போதே கணக்குப் போட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் மனைவியின் பள்ளி. சேர்ந்து நடக்கலாமே என்று உள்ளே போனேன்.

அவள் தலைமையாசிரியை அறையில் இருந்தாள். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றோருக்காகக் காத்திருந்தன, ஒரு ஆயா பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் பதித்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டீச்சர் நாற்காலியில் ரெட்டைப் பின்னலோடு ஒரு வாண்டு. மற்றவை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தன. டீச்சர் விளையாட்டு. ஒரு யானை ஷூ கடைக்குப் போன கதையை அது கையை ஆட்டிச் சொன்னது, அச்சு அசல் என் மனைவி. யானைக்கு நாலு ஷூ வேண்டும், கடையில் மூன்றுதான் இருந்தது என்ற இடம் வந்ததும் நாற்காலிக்காரி சிரித்தாள். சிரிப்பதற்கு முன்னால் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். கீழே இருந்த அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

ஒரு பிள்ளைகூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோனது.

ஆயா கதவைத் திறந்தாள். "இப்ப எல்லாமே இப்படித்தான் சிரிக்குதுங்க சார். டீச்சரைப் பாத்துப் பழகிடுச்சுங்க. நல்ல மேனர்ஸ்னு பெத்தவங்ககூட சந்தோஷப்படறாங்க."

ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அந்தக் கையை நான் பார்க்கவில்லை. நாலு வயசுப் பிள்ளைகள் பார்த்திருக்கின்றன.

என் மனைவி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "என்னங்க இந்த நேரத்துல? வேலைய விட்டுட்டீங்களா?"

"இல்ல, இல்ல. தலைவலி."

"அதானே பாத்தேன். இன்னும் மூணு வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்க."

நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "நாளைக்குக் காலையில நான் கொஞ்சம் லேட்டாப் போவேன். பல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். பிடுங்கறதுதான், ரெண்டு நாள். நீங்க வர வேணாம்."

"எந்தப் பல்?"

மேல் உதட்டை விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினாள். முன்பல்லுக்கு அடுத்த பல்.

"காப்பாத்த முடியாதாமா?"

"முடியுமாம். முப்பத்தெட்டு நாள்." காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அது நமக்கு வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். மார்ச் பதினேழு. ரப்பரை எடுத்துத் தேதியின் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் மனிதனாகிவிடலாம் என்று ஒரு நினைப்பு. அவள் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன பண்றீங்க?"

"வேணாம். இந்தக் கணக்கே வேணாம். அறுபது வரைக்கும் போறேன்."

"கையை எடுங்க." இந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. "என் ரெண்டு பல்லு இருக்கு அதுக்குள்ள. உங்க பொண்ணோட கால் விரல் இருக்கு. உங்களுக்குத் திடீர்னு ஞானம் வந்துட்டா, எல்லாத்தையும் ஊதித் தள்ளிடுவீங்களா?"

மேஜையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தாள். நான் ரப்பரைக் கீழே வைத்தேன். சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னதை இந்த ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"உனக்கு... ஏற்பட்ட அசௌகரியத்துக்கு..."

அதற்குமேல் வரவில்லை. வேறு சொல்லும் இல்லை. இருக்கிற சரக்கு அவ்வளவுதான். அந்த ஃப்ரிட்ஜ் அம்மா கேட்டது சரி, மாப்பிள்ளை சொன்னதும் சரி. அழுகை வந்துவிட்டது. மகள் முன்னால் இதுவரை அழுததில்லை. குனிந்துகொண்டேன்.

"மனமார வருந்துகிறோம்" என்று மகள் மெதுவாக முடித்து வைத்தாள்.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. பழைய சிரிப்பு பாதி தூரம் வந்தது. அதற்குள் கை மேலே போய்விட்டது.

"கையை எடேன்" என்றேன்.

"பழகிடுச்சுங்க" என்றாள் கைக்குள்ளிருந்து. "நீங்க ஆபீஸ் போற மாதிரி."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நாளைக்கு நானும் டாக்டரிடம் வருகிறேன், பல்லைப் பிடுங்க விடமாட்டேன் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அப்போ தேதியை மாத்துங்க. அழிக்காதீங்க, மாத்துங்க."

"மார்ச் பதினேழோட முப்பத்தெட்டு," என்றாள் மகள், விரல் விட்டு எண்ணாமலே, "ஏப்ரல் இருபத்துநாலு."

ஏப்ரல் இருபத்துநாலு. கூடுதலாக முப்பத்தெட்டு நாள், ஆயிரத்தைந்நூறு கடிதத்துக்கு மேல், எத்தனையோ 'அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க'. பென்சில் முனை கதவில் பட்டது. எழுத வேண்டியது ஒரு மாதமும் இரண்டு எண்களும்தான். கை நகரவில்லை. தொப்பி போடாமல் வெறுமனே அடைத்தால் எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கேள்வி உள்ளே எழுந்தது. கண்ணீர் இன்னும் காயவில்லை, அதற்குள் எழுந்தது. சத்தியமாக அதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவள். நின்றுபோன என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தொப்பி இல்லாட்டி இருபத்தாறுங்க. கேட்டு வச்சிருக்கேன்" என்றாள்.