சோப்பு படாத கோட்டு

எங்கள் ஆய்வகத்தின் குளவி அறைக்குள் சோப்பு வாசனை நுழையக் கூடாது. உடலின் மேல் படிந்த மெழுகை உணர்கொம்பால் தடவித்தான் ஒரு குளவி இன்னொன்றைத் தன் கூட்டைச் சேர்ந்ததென்று அறிகிறது. வேறு மணம் வந்தால் எங்கள் சோதனை கெடும். அதனால் கோட்டுகளைத் துவைப்பதில்லை. காற்றில் தொங்கவிடுவோம்.

அந்த அறையின் விளக்கு இரண்டு நாளாகச் சிமிட்டியது. மின்பணியாளர் விடுப்பில் இருந்தார். தம்பியை அழைத்தேன். அவனுக்கும் அதே தொழில். பத்து வயதில் ஒரே ஒரு குளவி கொட்டியதில் தொண்டை அடைத்துப் பிழைத்து வந்தவன். வேண்டாம் என்றான். நாம் சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும் என்று நான்தான் இழுத்து வந்தேன். அவன் சட்டையில் சோப்பு மணத்தது. ஆணியில் தொங்கிய என் கோட்டை அதன் மேலே அவனுக்கு மாட்டிவிட்டேன்.

ஏணியில் ஏறினான். கூடு அவன் தலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தது.

"எல்லாம் என்னையே மொறைக்குதுங்கக்கா."

"உன் மூஞ்சியப் பாத்தா வேற என்ன தோணும்."

சிரித்தான். மூன்று குளவிகள் கூட்டின் விளிம்புக்கு வந்து இறக்கையைத் தூக்கின. பிறகு பத்துப் பன்னிரண்டு. அவை பார்த்தது அவன் முகத்தை அல்ல. வலது கையை.

அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் மெழுகைக் கழுவி எடுக்கப் பிடித்த குளவி நழுவி, இதே கோட்டின் வலது கையில் நசுங்கியது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொங்கவிட்டேன். சிந்திய நஞ்சின் மணம் மற்றவற்றுக்குத் தாக்கச் சொல்லும் அழைப்பு. இதை ஊருக்கெல்லாம் விளக்குகிறவள் நான்.

கத்தினால் துள்ளுவான். விளக்கை விட்டுவிட்டு மெதுவாக இறங்கு என்றேன். என் குரலே ஆபத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவன் கால் அடுத்த படியைத் தேடித் தேடித் தடவியது. தரையைத் தொட்டபோது ஒரு குளவி கோட்டின் கையில் இறங்கியது.

"கொட்டிடுச்சா?"

"இல்ல. கைய ஆட்டாதே. நான் கழட்டறேன்."

பின்னால் நின்று கோட்டை உரித்தேன். கைப்பகுதி உள்வெளியாகத் திரும்பியது. குளவி மடிப்பில் சிக்கியது. என் விரலடியில் அது நசுங்குவதை உணர்ந்தேன்.

கூடு மொத்தமும் கிளம்பியது.

கோட்டைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டேன். மறுகையால் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். முதல் கொட்டு காதில். அடுத்தது உதட்டில். கதவின் கண்ணாடிக்கு அப்பால் அவன் கை கைப்பிடிக்குப் போனது. திறந்தால் எல்லாம் என்னோடு வெளியே வரும்.

"தொறந்தே, கொன்னுடுவேன்."

கையை எடுத்தான். அதைத் தன் தொண்டையில் வைத்துத் தடவிப் பார்த்தான். நானும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் இமைகள் வீங்கி மூடும்வரை. தொண்டையில் வீக்கம் இல்லை.