பால் காய்ச்சாத வீடு

கள்ளிக்குடி தாண்டியதும் ஆம்புலன்ஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டார்.

"விருதுநகர்ல எந்த வீட்டுக்குங்க?"

முன்சீட்டில் இருந்த ராஜபாண்டியன் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே பின்னால் திரும்பி மதினியைப் பார்த்தான். அதே கேள்வியைத்தான் போனிலும் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஐஸ் பெட்டியை எங்கே இறக்குவது?

சுப்புலட்சுமி கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தினசாமியின் மூச்சு நின்றிருந்தது. நெஞ்சுவலி என்று சேர்த்து ஒரு ராத்திரிதான். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். நகக்கண்ணில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் பங்களாவில் பூச்சுவேலைக்காரர்களோடு நின்றவர்.

"பஜார் வீட்டுக்கே போயிருவோமா மதினி?"

அவர்கள் குடியிருந்த பஜார் வீடு கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டு. உடம்பை மேலே கொண்டுபோக வழியில்லை. கீழே தெருவில் பந்தல் போட்டுத்தான் கிடத்த வேண்டும்.

பங்களா ஊருக்கு வெளியே இருந்தது. பருத்தி கம்பெனி வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. துரைக்குப் பிறகு ஒரு ரயில்வே காண்டிராக்டர், அவருக்குப் பிறகு ஒரு வத்தல் வியாபாரி. வியாபாரி அதைக் குடோனாக்கி, வருசக்கணக்கில் மிளகாய் மூடைகளை அடுக்கி வைத்திருந்தார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடித்துக்கொண்டிருந்த ரத்தினசாமி ஆறு வருசத்துக்கு முன்னால் அதை வாங்கினார். சீசன் ஓய்ந்ததும் பங்களாவே கதியென்று கிடப்பார். சிமெண்டு ஆகாது என்று சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை ஊற்றிப் பூச வைத்தார். பழைய பூச்சைச் சுரண்டச் சுரண்ட உள்ளே ஊறியிருந்த வத்தல் நெடி கிளம்பி, கொத்தனார்கள் சாரத்தில் நின்று தும்மினார்கள். சொந்தக்காரர்கள் அதற்கு 'தும்மல் பங்களா' என்று பெயர் வைத்தார்கள்.

சுப்புலட்சுமிக்கு நெடி பொருட்டில்லை. துரைசாணி அந்த வீட்டு மாடி அறையில் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று சின்ன வயசில் கூடப் படித்த பிள்ளைகள் சொல்லி அவள் கேட்டிருந்தாள்.

"சாவு விழுந்த வீட்டுல நான் அடுப்பு பத்தவைக்க மாட்டேன்" என்று வாங்கிய அன்றைக்கே சொன்னாள். தெருமுனையில் காருக்குள் இருந்தபடி பார்த்ததோடு சரி. கேட்டைத் தாண்டியதில்லை.

ரத்தினசாமி சண்டை போடவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்கே செத்தார்கள் என்று தேட ஆரம்பித்தார். கல்லறைத் தோட்டங்களில் அலைந்தார். பதிவு ஆபீஸ் பெஞ்சுகளில் காத்துக்கிடந்தார். துரை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது கொடைக்கானலில். கல்லைப் போட்டோ எடுத்து வந்து காட்டினார். துரைசாணியின் பேத்தியை எப்படியோ கண்டுபிடித்துப் போனில் பேசிவிட்டு வந்தார்.

"தூக்குல தொங்கலப்பா அவ. சொந்த ஊருக்குப் போயி, பூனை வளத்துக்கிட்டு எம்பது வயசுக்கு மேல இருந்துருக்கா."

"பூனையும் இந்த வீட்டுல சாகலைல, அதுவரைக்கும் சந்தோசம்."

காண்டிராக்டர் ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போன இடத்தில். கடைசி ஆள் வத்தல் வியாபாரி. காரியாபட்டியில் மகள் வீட்டில் அவர் உயிர் போனது என்று சித்திரை மாதம்தான் தெரிந்தது. அன்றைக்கு ரத்தினசாமி தோசை மேல் தோசையாகத் தின்றார்.

"ஒரு உசுருகூட அந்த வீட்டுல போகல சுப்பு. இனி என்ன சாக்கு சொல்லுவ?"

"அப்ப மொத ஆளா நாம போயிச் சாகணுமாக்கும்?"

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, சரி, ஆவணியில் பால் காய்ச்சுவோம் என்று அவள் சொன்னாள்.

இப்போது ஆடி.

ராஜபாண்டியனின் போனில் செல்வலட்சுமி வந்தாள். செத்தவருக்கு அக்கா. ஸ்பீக்கரில் போடாமலே அவள் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"ஏலே, பால் காய்ச்சாத வீட்டுக்குப் பொணத்தைக் கொண்டுபோவாகளாடா? மொதமொத உள்ள போறதே பொணம்னா அந்த வீடு வெளங்குமா? நாளைக்கு ஒருத்தன் வாடகைக்கு வருவானா? சுப்புட்ட குடு."

சுப்புலட்சுமி போனை வாங்கினாள்.

"ஆறு வருசமா அந்தச் சுவத்தோட கெடந்தவுக மதினி. அவுகளைத் தெருவுல கெடத்தணுமா?"

"விதி அப்படி இருக்கு. என்ன செய்யச் சொல்லுத?"

வண்டியின் கம்பியில் ஸ்டிரெச்சர் லேசாக இடித்துக்கொண்டே வந்தது. சுப்புலட்சுமி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பால் காய்ச்சிட்டா உள்ள கொண்டுபோகலாம்ல?"

"என்னத்தச் சொல்லுத?"

"நான் காய்ச்சுதேன்."

"ஏத்தா, புத்தி பெரண்டு போச்சா? ஆடியில பால் காய்ச்சுவாகளா? அதுவும் இன்னைக்கித் தாலி அறுக்கப்போறவ..."

"இன்னும் அறுக்கலைல மதினி. எடுக்குற வரைக்கும் நான் அவுக பொண்டாட்டிதான?"

சுப்புலட்சுமி போனைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"ஐஸ் பெட்டிய பங்களாவுல எறக்கச் சொல்லுங்க. போற வழியில பால் பாக்கெட் வாங்கணும். ரோஷினிக்கும் சொல்லிருங்க, பிளைட்ட விட்டு எறங்கி அப்பாவப் பாக்க வர்ற பிள்ளை பஜார் வீட்டுக்குப் போயிரப்போகுது."

பங்களா வாசலில் ஆம்புலன்சை நிறுத்தியதும் சுப்புலட்சுமி பால் பாக்கெட்டோடு பக்கக் கதவு வழியாக இறங்கினாள். பின்கதவைத் திறக்காமல் வைத்தார்கள். செய்தி தெரிந்து ஆட்கள் கூடியிருந்தார்கள். கொத்தனார் மாரிசாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அடுப்பு இருக்கா மாரிசாமி?"

"நாங்க டீப் போடுற சின்ன அடுப்புதாம்மா. சட்டி கரிஞ்சு கெடக்கு."

"வெளக்கிக் குடுங்க."

அவர் செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்தார். தேய்த்துக் கழுவி, போதாமல் மறுபடியும் தேய்த்தார். அதற்குள் சுப்புலட்சுமி படியேறி உள்ளே போனாள். அழுதுகொண்டு பின்னால் வந்த பெண்கள் கூடத்துக்குள் வந்ததும் தாமாகவே குரலைத் தணித்தார்கள். சுவர்கள் உரித்த முட்டைபோல இருந்தன. வெளியில் அவ்வளவு வெயில், உள்ளே குளிர்ந்து கிடந்தது. சமையலறை கிழக்குப் பார்த்திருந்தது. மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அவர் அளவு கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

செல்வலட்சுமி ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பியை வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். உள்ளே வரமாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, வெயில் ஏறுது" என்றான் ராஜபாண்டியன்.

"பொறுங்க, பொங்கட்டும்."

சின்ன அடுப்பு மெதுவாகத்தான் எரிந்தது. சட்டியின் விளிம்பில் நுரை கூடிற்று. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்கள், என்ன நாள், எதற்கு வந்தோம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். பால் ஏறியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது.

"கெழக்க" என்றது ஒரு குரல். செல்வலட்சுமி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சொன்ன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுப்புலட்சுமி அடுப்பை அணைத்தாள்.

"கூட்டியாங்க" என்றாள்.

ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்தார்கள். நாலு பேர் தூக்கினார்கள். தலைப்பக்கம் ராஜபாண்டியனும் மாரிசாமியும். வாசற்படிக்கு வந்ததும் ராஜபாண்டியன் சற்று நின்றான். எடுத்துவைக்கப்போன இடதுகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வலதுகாலை உள்ளே வைத்தான். மாரிசாமியும் கால் மாற்றினார். பின்னால் வந்த இரண்டு பேரும், படி வரும்வரை காத்திருந்து, கால் மாற்றிக்கொண்டார்கள்.