வியாழக்கிழமை தேதி போட்ட கோழி

அந்தப் பெரிய கடையில் ஸ்டிக்கர்காரம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கையில் சின்ன மெஷினோடு அவள் குளிர் அலமாரிப் பக்கம் வந்தால் போதும், பூமியிலிருந்து முளைத்த மாதிரி பத்துப் பதினைந்து பேர் கூடையும் கையுமாக நின்றுவிடுவார்கள். அன்றோடு தேதி முடிகிற பால், ரொட்டி, தயிர், கறி எல்லாவற்றின் மேலும் அவள் மஞ்சள் சீட்டு ஒட்டுவாள். சீட்டு விழுந்தால் பாதி விலை. அத்தனை பேரின் ராத்திரிச் சாப்பாடும் அவள் கட்டைவிரலில் இருந்தது. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

கெட்டவள் என்று சொல்ல முடியாது. கறாரானவள். யார் கெஞ்சினாலும் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒட்டமாட்டாள், நாளைத் தேதி போட்டதை இன்றைக்குத் தொடமாட்டாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். அது பதுக்கல்.

முழு விலை கொடுக்க வழியில்லாத சிலர், தேதி முடிய ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும்போதே ஒரு பாக்கெட்டை எடுத்து, யார் கண்ணிலும் படாத மூலையில் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். கடைசி நாளன்று வந்து அதை வெளியே எடுத்து, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி சீட்டுக்கு நீட்டுவார்கள். இதைத் திருட்டு என்று எந்தப் போலீஸும் எழுதிக்கொள்ளாது. ஸ்டிக்கர்காரம்மாவுக்கோ அது திருட்டைவிட ஒரு படி மேல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். பிஸ்கட் டப்பாக்களுக்குப் பின்னால் ரொட்டி, பெரிய ஜூஸ் பாட்டிலுக்கு அடியில் வெண்ணெய் என்று அவள் தோண்டி எடுக்காதது இல்லை. எடுத்ததைப் பழைய இடத்தில், முன்வரிசையில், எல்லார் கண்ணிலும் படும்படி அடுக்கிவிடுவாள். அது முழு விலைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது இந்த வீரப் பிரதாபங்களைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மகளும் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்று வாரமாக ஒரு புது ஆள் அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் பார்த்தால், அடித்தட்டில், ஐந்து கிலோ தயிர் வாளிகளுக்குப் பின்னால், ஒரு கோழிக்கறி பாக்கெட். குளிர் போகாத இடமாகப் பார்த்து, கறி நசுங்காமல், பக்குவமாக வைத்திருந்தது. மூன்று வாரமும் அதே இடம், அதே ஒரு பாக்கெட், வியாழக்கிழமை தேதி. மூன்று தடவையும் அவள் எடுத்து முன்னால் வைத்தாள். அன்றைக்கே விற்றுப்போனது.

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்றைக்குச் சீட்டு ஒட்டுவது பில் போடுகிற ஒரு பெண். அவளுக்கு இளகிய மனசு, எதை நீட்டினாலும் ஒட்டிவிடுவாள். விஷயம் புரிந்ததும் ஸ்டிக்கர்காரம்மாவுக்கு எங்கேயோ சுருக்கென்றது. யாரோ ஒருத்தர் தன் விடுமுறை நாளைக் கணக்குப் பார்த்துக் காய் நகர்த்துகிறார்! தன் தலையிலேயே மிளகாய் அரைக்கிறார்!

நான்காவது வாரம் பாக்கெட்டைப் பார்த்தும் பார்க்காதவள் மாதிரி விட்டுவிட்டு நேராக மேனேஜரிடம் போனாள். "நாளைக்கு லீவுதான், ஆனாலும் வரேன். கையும் களவுமா புடிச்சுக் குடுக்கறேன்," என்றாள். மேனேஜருக்கு ஏக சந்தோஷம். பிடிபட்டால் காவலாளி போட்டோ எடுக்க வேண்டும், அதை வாசலில் ஒட்ட வேண்டும், அந்த ஆள் இனி இந்தக் கடைப் படி ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

ஆக, வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஸ்டிக்கர்காரம்மா சீருடை இல்லாமல், தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலிக் கூடை. வாசலில் நின்ற காவலாளியிடம், கை தூக்கினால் வந்துவிடு என்று சொல்லி வைத்திருந்தாள். உள்ளூர ஒரு குஷி இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். முகத்தைக் காட்டாமல் குனிந்து வந்தாள். தோளில் தொங்கிய பையைக் கீழே வைத்தாள், முட்டி போட்டாள், தயிர் வாளிகளை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நகர்த்தினாள். கை உள்ளே போனது. பாக்கெட் வெளியே வந்தது. ஸ்டிக்கர்காரம்மா ஒரே பாய்ச்சலில் போய் அந்தக் கையைப் பிடித்தாள். இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"மாட்டினியா?"

அந்தப் பெண் திரும்பினாள்.

ஸ்டிக்கர்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை, விளக்கு, அலமாரி எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் பிடித்திருந்தது அவளுடைய மகளின் கை.

"அம்மா," என்றாள் மகள்.

"நீ... நீ இங்க என்னடி பண்றே?"

ஒரே மகள். தேடித் தேடி, ஜாதகம் மட்டும்தான் பார்க்கவில்லை, மற்ற எல்லாவற்றையும் பார்த்து ஒரு கம்பெனிக்காரனுக்குக் கட்டிக் கொடுத்த மகள். ஊரின் மறுகோடியில் இரண்டு அறை வீடு, பள்ளிக்கூடம் போகிற பேத்தி, சோபா, துணி துவைக்கிற மெஷின். போன ஞாயிற்றுக்கிழமைகூட அந்த சோபாவில் காலை நீட்டிப் படுத்துவிட்டு வந்தாள். அந்த மகளா தயிர் வாளிக்குப் பின்னால் கையை விட்டாள்? வேறு யாரோ மகளின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"உன் வீட்டுக்காரர் கம்பெனி..."

"மூடி எட்டு மாசம் ஆச்சும்மா."

"எட்டு மாசமா?" கத்தியே விட்டாள். முட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எட்டு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே!"

"மெல்லப் பேசும்மா. அவரு கெடச்ச வேலைக்குப் போறாரு. சுமை தூக்கறாரு, பெயின்ட் அடிக்கறாரு. வாரத்துல ரெண்டு நாள் கெடைக்கும், சில வாரம் அதுவும் இல்ல."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

மகள் எதிரே இருந்த வெண்ணெய் அடுக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். திங்கட்கிழமை மார்க்கெட் மூடுகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட தக்காளியும் கீரையும் கூறு கட்டிச் சும்மா கொடுத்துவிடுவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரியில் முந்தின நாள் ரொட்டி கிடைக்கும், காலையில் ஆறு மணிக்குள் போக வேண்டும். நசுங்கின டின்களுக்கென்றே ஒரு கடை இருக்கிறது. நூலகத்துக்குப் பின்னால் ஒரு ஹாலில் மாவும் பருப்பும் எண்ணெயும் போட்டுப் பை கொடுக்கிறார்கள், புதன்கிழமை, மூன்று மணி நேர வரிசை.

"எங்க தெருவுக்குப் பக்கத்துலயே ஒரு ஹால் இருக்கும்மா. அங்க போனா பாப்பாவோட டீச்சர் பாத்துடுவாங்க. அதான் ரெண்டு பஸ் மாறி இங்க வரேன். வர்ற அன்னைக்கே இங்கயும் எட்டிப் பாத்து ஒரு பாக்கெட்ட ஒளிச்சு வச்சுட்டுப் போவேன். நீ ரெண்டு மணிக்கு மேலதானே வேலைக்கு வருவே."

ஸ்டிக்கர்காரம்மா கேட்டுக்கொண்டே நின்றாள். இந்த ஊரில் எந்தக் கடையில் எது எத்தனை மணிக்கு மலிவு என்று தனக்குத் தெரியாததா என்று நினைத்திருந்தாள். இதில் பாதி அவளுக்குத் தெரியாது. பிடித்திருந்த கையை அப்போதுதான் கவனித்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தக் கைதானே பரிமாறியது? எப்படிக் கண்ணில் படாமல் போனது? தட்டைப் பார்த்துத் தின்றவளுக்குக் கை எங்கே தெரியும்!

"சரி, அரிசி பருப்பு போதாதா? இந்தக் கோழி இல்லேன்னா உசிரா போயிடும்? இதுக்குப் போயி ஒளிச்சு வச்சு..."

கேட்ட பிறகுதான் அவளுக்கே தன் குரல் காதில் விழுந்தது. மஞ்சள் சீட்டுக்கு நிற்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல்.

மகள் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "எங்களுக்கு இல்லம்மா. நாங்க கறி தின்னு ரொம்ப நாளாச்சு. ஞாயித்துக்கெழம நீ வருவியே. மேஜையில ஒண்ணும் இல்லேன்னா நீ கண்டுபுடிச்சுடுவே. இத எடுத்துட்டுப் போயி ஃப்ரீசர்ல வச்சுட்டா உனக்கு ஆகும்."

ஸ்டிக்கர்காரம்மாவின் காது அடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மேஜையில் கோழி இல்லை. முட்டைதான் இருந்தது. அவள் அதைக் கிண்டல் வேறு செய்தாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "என்ன மாப்ளே, சம்பளத்தையெல்லாம் பூட்டி வச்சிட்டீங்களா, மாமியாருக்கு ஒரு துண்டு கறிக்கு வழியில்லையா?" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். பேத்தி மட்டும் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமும் அந்தக் கோழியை அந்த மேஜைக்கு வரவிடாமல் செய்தவள் யார்? இந்தக் கையால்தான் எடுத்தாள், முன்வரிசையில் வைத்தாள். வைத்துவிட்டு அதே வாயால் போய் அந்த வீட்டில் கேட்டாள். தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"அப்ப பாப்பா... அந்த முட்டை..."

"நீ சாப்பிட்டு மிச்சம் இருந்தா சாப்பிடலாம்னு சொல்லி வச்சிருந்தேன்," என்றாள் மகள்.

மிச்சம் இருக்கவில்லை. வீணாகப் போய்விடுமே என்று அவள்தான் கடைசி முட்டையையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த லட்சணத்தில் காவலாளி வந்து சேர்ந்தான். கூட்ட நெரிசலில் வாசலைத் தாண்டி வர நேரம் பிடித்திருந்தது. கையில் செல்போன் தயாராக இருந்தது.

"அக்கா, மாட்டிடுச்சா? இவங்கதானா?"

ஸ்டிக்கர்காரம்மா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "ஆமாங்க, நான்தான் ஒளிச்சு வச்சேன். போட்டோ எடுத்துக்கங்க. இந்தம்மா கைய விடச் சொல்லுங்க, யாருன்னே தெரியாது, இந்தப் புடி புடிக்கறாங்க."

பெற்ற பெண்ணின் வாயிலிருந்து 'இந்தம்மா'. ஸ்டிக்கர்காரம்மாவுக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அதற்கு அடுத்த நொடியில் வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம், வேலை பிழைத்தது, மானம் பிழைத்தது என்று மனசு மூச்சு விட்டது. சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று அவளுக்கே தன்னைக் கண்டு அருவருப்பாகிவிட்டது.

"என் பொண்ணு," என்றாள்.

காவலாளி சிரித்தான். "என்னக்கா, நேரங்கெட்ட நேரத்துல விளையாடறீங்க."

"நான் பெத்த பொண்ணுப்பா. எனக்குச் சோறு போடத்தான் ஒளிச்சு வச்சிருக்கா. திங்கறவ நானு. எடுக்கறதுன்னா ரெண்டு பேரையும் சேத்து எடு."

காவலாளியின் சிரிப்பு நின்றது. அம்மா முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நீட்டிய போனை இறக்கவும் முடியாமல், ஏந்தவும் முடியாமல் தடுமாறினான். "மேனேஜர் கேட்டா நான் என்னக்கா சொல்றது? கையோட எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு."

"அதான் எடுன்னு சொல்றேனே." தலையில் சுற்றியிருந்த துணியை உருவிக் கூடைக்குள் போட்டாள். மகளின் பக்கத்தில் போய்த் தோளோடு தோள் நின்றாள்.

மகளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. எட்டு மாசமாக அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. அம்மாவின் காதருகே குனிந்து, "பைத்தியக்காரத்தனம் பண்ணாதம்மா," என்றாள். "இந்தக் கடை இல்லேன்னா வேற கடை, எனக்குப் பழகிடுச்சு. உனக்கும் வேலை போச்சுன்னா, நம்ம நாலு பேரும் எங்கம்மா போயி வாங்கித் திங்கறது?"

நியாயமான கேள்விதான். ஸ்டிக்கர்காரம்மாவுக்கு வாடகை ஞாபகம் வந்தது, மேனேஜர் முகம் ஞாபகம் வந்தது. ஆனாலும் மகளின் கையை விடவில்லை.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத்தானே அந்த பேக்கரி?" என்றாள். "எத்தனாம் நம்பர் பஸ்ஸுன்னு சொல்லு. நானும் வரேன்."

காவலாளி போட்டோ எடுத்தான்.