பேசுதா?

ஜாடி "டொக்" என்றது. பையைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. பழைய சாமான் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம். பக்கத்துக் கடைக்காரன் ஒரு ரேடியோவைத் தட்டித் தட்டிப் பாட வைத்துக்கொண்டிருந்தான். அதையெல்லாம் மீறிக் கேட்டது. வெள்ளைப் பீங்கானில் நீலக் கொடி ஓடிய ஜாடி, ஒரு சாண் உயரம், வாய் விளிம்பில் தேய்ந்துபோன பொன் கோடு. என் வீட்டுக்காரர் அதை இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கையால் இன்னொரு முறை சுண்டினார். மறுபடியும் டொக். அவர் முகமெல்லாம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"எப்படிப் பேசுது பாத்தியா?" என்றார்.

'பேசுது' என்பது எங்கள் வீட்டு வார்த்தை. பழுதில்லாத பாத்திரத்தைச் சுண்டினால் கிண்ணென்று எழும்பி, கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டே போய் அடங்கும். அதுதான் பேசுவது. எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாமல் மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் எழும்பாது, அங்கேயே செத்துப்போகும். அதை அவர் ஊமை என்பார். வெளியே தெரியாமல் உள்ளுக்குள் பட்ட அடியை ஊமை அடி என்கிறோமே, அந்த ஊமை. வியாபாரிகள் விரிசலை அடைத்து மெருகு போட்டுக் கண்ணை ஏமாற்றிவிடலாம், என் காதை ஏமாற்ற முடியாது என்று அவர் சொல்வார். வீட்டில் அறுபத்து நாலு உருப்படிகள் இருந்தன. பூச்சாடிகள், கிண்ணங்கள், நீண்ட கழுத்துக் கண்ணாடிக் குடுவைகள், இரண்டு மண் கூஜாக்கள். அதில் ஊமை ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் அவருடைய கர்வம். வேறு கர்வம் கொள்ள அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை, பாவம்.

அவர் முப்பத்து நாலு வருடம் பல் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்றபடி சுட்டு எடுக்கிற வேலை. வெள்ளையில் மட்டும் பதினாறு வகை தெரியும் என்பார். கல்யாணமான புதிதில் நான் பேசும்போதெல்லாம் உற்றுப் பார்ப்பார். என் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் பார்த்தது என் முன்பல்லை. "உனக்கு ரெண்டாம் நம்பர் வெள்ளை" என்று ஒரு நாள் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்குப் பிறகு என் முகத்தில் பார்ப்பதற்கு அவருக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பை தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். வாங்கியதைப் பழைய துணியில் சுற்றித் தருவார், பத்திரமாகப் பிடித்துக்கொள்வேன். ஜாடியைப் பிடிக்கிற கவனத்தில் கால்வாசி என்னிடம் காட்டியிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். பதிலுக்காகக் காத்திருந்தார், பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தது. டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது, குக்கர் விசிலே அடிக்கவில்லை என்று என்னைத் திட்டியது, "அப்பாவுக்கு நான் பேசுறது கேக்கவே மாட்டேங்குதும்மா" என்று மகள் போனில் சொன்னபோது "சிக்னல் சரியில்லடி" என்று நானே சமாளித்தது. அந்த மனிதருக்கு இப்போது கிண்ணும் கேட்கவில்லை, டொக்கும் கேட்கவில்லை. ஜாடியின் அழகைப் பார்த்து, அது பேசியிருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஆனாலும் எங்கேயோ ஒரு சந்தேகம். அதனால்தான் என்னைப் பார்த்தார்.

"பேசுதுங்க" என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், சந்தையில் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். இது சத்தியம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் அதைக் கண்ணாடி அலமாரியின் நட்டநடுவில் வைத்து, மூன்றடி பின்னால் வந்து நின்று ரசித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தைச் சுண்டிவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். அது உண்மையாகவே பேசியது. சிரித்தேன், வாங்கினார். அதற்கடுத்த வாரம் ஒரு குடுவை ஊமை. உதட்டைப் பிதுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டேன். அதற்கும் சிரித்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இரக்கத்தால் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சுண்டலுக்குப் பிறகும் அவர் திரும்பி என் கண், புருவம், வாய் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பார். இத்தனை வருடத்தில் என் முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை நன்றாக வாரிக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல புடவையாகத் தேடி எடுக்க ஆரம்பித்தேன். அறுபது வயதில் எனக்கு இந்தப் பைத்தியம். காது டாக்டரிடம் போகலாம் என்று ஒருமுறை பேச்செடுத்தேன். "எனக்கென்ன செவிடா?" என்று எரிந்து விழுந்தார். அப்பாடா என்று விட்டுவிட்டேன். இன்னும் நாலு முறை சொல்லியிருந்தால் வந்திருப்பார். மகளை விட்டுச் சொல்ல வைத்திருந்தால் நிச்சயம் வந்திருப்பார். நான் செய்யவில்லை.

மூன்று வருடத்தில் ஜாடி விற்கிற சந்தைக் கடைக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். விற்காத ஊமைகளை எல்லாம் எங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தான். "சார் சுண்டட்டும், அம்மா சொல்லட்டும்" என்று இளிப்பான். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தோன்றும். கேட்டால் என் குட்டும் சேர்ந்து வெளிப்படும். அவனும் நானும் கூட்டுக் களவாணிகளாகிப்போனோம்.

ஊரில் இந்த ஜாடிப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நூலக மாடியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அவரவர் சேகரிப்பைக் காட்சிக்கு வைப்பார்கள். அவர்களில் ஒருவர் கூஜா மட்டுமே சேர்ப்பவர். 'என்ன சார், இப்ப யாருக்குக் கூஜா தூக்குறீங்க?' என்று அவரைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. நல்ல மனிதர். எதை வாங்கினாலும் என் வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து, "அண்ணே, நீங்க ஒரு தடவ சுண்டிச் சொல்லிடுங்க" என்பார். அந்த வருடம் எங்கள் மேசையில் நடுநாயகமாக அந்த நீலக் கொடி ஜாடி இருந்தது. கூஜாக்காரர் வந்தார், கையில் எடுத்தார், பழக்க தோஷத்தில் சுண்டினார்.

டொக்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, சட்டென்று புரிந்துகொண்டார். "பிரமாதம்ணே" என்று சொல்லி ஜாடியைக் கீழே வைத்தார். வேறு யாராயிருந்தாலும் அதோடு போயிருக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் மூன்று வருடமாக முகம் படித்துப் பழகிய மனிதர். கூஜாக்காரர் முகத்தையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை காபி குடித்ததும் அலமாரியைக் காலி செய்தார். கூடம் முழுக்கப் பழைய போர்வையை விரித்து அறுபத்து நாலையும், பிறகு சேர்ந்தவற்றையும் வரிசையாக வைத்தார். பட்டறையில் பல்லில் விரிசல் பார்க்க ஒரு நீலச் சாயம் வைத்திருப்பார்கள். தடவிவிட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும், விரிசலுக்குள் இறங்கியது மட்டும் போகாது. அதில் ஒரு சீசா பரணில் இருந்தது. தூரிகையால் தடவுவார், கொஞ்ச நேரம் விடுவார், பஞ்சால் துடைப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு கிழித்துக் கொடுத்தேன். எவையெவை ஊமை என்று எனக்குத் தெரியும். பதினொன்று. கையை நீட்டி இது, இது, இது என்று சொல்லியிருந்தால் கால் மணி நேர வேலை. அப்போதும் பஞ்சைத்தான் நீட்டினேன். அவர் முதுகு வலியோடு குனிந்து குனிந்து, நல்லவற்றையும் ஒன்று விடாமல் சோதித்தார். மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. மாலை வெயில் ஜன்னலுக்கு வந்தபோது பதினொரு பாத்திரங்கள் தனியாக நின்றன, ஒவ்வொன்றிலும் நீலமாக ஒரு தலைமயிர் ஒட்டியிருந்த மாதிரி கோடு. கண்ணாடிக் குடுவையில் அது அடிவரை இறங்கியிருந்தது.

"எல்லாமே உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"ஒவ்வொரு தடவையும்?"

"ஆமாங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பஞ்சில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயம் போகவில்லை.

"அப்ப நீ சிரிச்சதுல எது சிரிப்பு?" என்று கேட்டார். "ஜாடிய விடு. மத்ததெல்லாம்?"

நான் அழுதேன். என் அழுகையும் பொய்யோ என்று ஒருவர் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைப் பாத்திரங்களின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காது டாக்டரிடம் அவராகவே கிளம்பினார். நானும் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை, பழக்கத்தில், தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். உடனே குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, என் மகளைவிடச் சின்னவள். "மெல்லிய சத்தம்தாம்மா முதல்ல போகும். அப்பவே வந்திருந்தா மெஷின் வச்சுப் பழக்கியிருக்கலாம். இப்ப வச்சா சத்தம் கேக்கும், ஆனா வார்த்தை பிரிஞ்சு புரியறது கஷ்டம்" என்றாள். பிறகு ஃபைலில் எழுதிக்கொண்டே, "எப்ப இருந்து இப்படி? யாராவது கவனிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மூணு வருஷம்" என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

மெஷின் வாங்கினோம். இரண்டு நாள் மாட்டிப் பார்த்தார். மின்விசிறியும் தட்டும் கதவும் ஒரே கூச்சலாக வருகிறதாம், நான் பேசுவது மட்டும் கஞ்சி மாதிரி குழைந்து வருகிறதாம். கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போவதில்லை. கூஜாக்காரர் இரண்டு முறை வந்து, சைகையில் பேசி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவரிடம் சிரிக்கிறார். என்னிடமும் கோபமாக ஒன்றும் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார். மாத்திரையை நேரத்துக்கு வாங்கிக்கொள்கிறார். என் கையைப் பார்க்கிறார், தட்டைப் பார்க்கிறார், கழுத்துவரைகூட வருகிறார். அதற்கு மேல் பார்வை ஏறுவதில்லை.

நேற்று மதியம் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தொட்டேன்.

"ஏங்க, என்னப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எங்கே நம்புவது என்று தேடுகிற மாதிரி நெற்றியில் தொடங்கி மெதுவாக இறங்கிவந்தார். வாய்வரை வந்து நின்றார். பிறகு, அலுத்துப்போனவராக, கண்களை மூடிக்கொண்டார்.

கண்ணை மூடிவிட்டால் அவருக்கு நான் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு பேசினேன். நீங்கள் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னேன். அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்றும், புடவை தேடி எடுத்ததையும், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகாததையும், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரல்களுக்கு என் தொண்டையின் நடுக்கம் தெரிந்திருக்கும். அது எந்த வார்த்தையின் நடுக்கம் என்று தெரிந்திருக்காது. கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்தவும் இல்லை. வாசலில் யாரோ மணி அடித்தார்கள், கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அடித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை, மறுபடியும் முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.