விருந்தாளிக்கு வைத்த டீசல்

வஜீஹாவின் வீட்டில் டீசல் இருந்தது. அதை எரிக்கத்தான் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

மாதக் கடைசியில் அரசாங்கம் புது விலை அறிவிக்கும். அதற்குள் நிரப்பிவிட வேண்டுமென்று ஸல்ட் நகரமே கேனும் கையுமாகப் பெட்ரோல் பங்கில் போய் நிற்கும். இந்தக் குளிர்காலத்தில் வஜீஹா ஒரே ஒரு தடவைதான் போய் நின்றாள். வாங்கி வந்த கேனை டீசல் கணப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள், ஆனால் தனக்காகத் திறக்கவில்லை. செத்துப்போன கணவரின் ஓவர்கோட்டும் இரண்டு கம்பளியும் அவளுக்குப் போதும். டீசல் விருந்தாளிக்கு. யாராவது வந்தால் பற்ற வைக்கலாம், கணப்பின் தலையில் கஷ்கொட்டை சுடலாம், வாய் வலிக்கப் பேசலாம்.

யாரும் வரவில்லை.

போன வருஷம் வரை பொழுது சாய்ந்தால் தெருப் பெண்களுக்கு அவள் வீடுதான். விலை ஏறியதும் அது நின்றுபோனது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஓர் அறையைச் சூடாக்கி, குடும்பம் மொத்தமும் அதற்குள் உருண்டு கிடந்தது. அக்கபா துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் ஸியாத் போனில், "பெட்ரோல் விக்கிற விலைக்கு வண்டிய எடுக்கவே பயமா இருக்கும்மா, பெருநாளைக்கு வர்றேன்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்லாமல் இருந்துவிட்டால் மட்டும் ஏக்கம் தீர்ந்துவிடுமா என்ன? அவளுக்குத் தீரவில்லை.

போன வாரம் பொறுக்கமாட்டாமல் ஒரு தந்திரம் செய்தாள். அவள் வீட்டுப் புகைக்குழாய் எதிர்வீட்டு நுஹாவின் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. கணப்பைப் பற்ற வைத்தாள். புகையைப் பார்த்தால் வீடு சூடாக இருக்கிறதென்று தெரியும், நுஹா தன் பட்டாளத்தோடு வந்துவிடுவாள். கதவைக்கூடத் தாழ் போடவில்லை. கஷ்கொட்டை கருகியதுதான் மிச்சம்.

இன்று காலையிலிருந்து மழை. மாலையில் மிச்சக் கஷ்கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். கூப்பிடாத வீட்டுக்குப் போகவிடாமல் எத்தனையோ நாளாகத் தடுத்த ரோஷம் இன்றைக்குக் குளிரில் விறைத்துப்போயிருந்தது.

நுஹாவின் வாசலில் நின்றபோதே உள்ளே சிரிப்பு கேட்டது. யாரோ யாரையோ கம்பளிக்குள் போட்டு அமுக்குகிறார்கள். நுஹாவின் கணவர் அபூ குஸை பொய்யாக அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பளிக்கடியில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று வஜீஹாவுக்கு இருந்தது. தட்டினாள்.

"அட, உம் ஸியாத்! மழையில நிக்கிறீங்களே, வாங்க வாங்க" என்று நுஹா அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். தெருவில் வஜீஹாவை மகன் பெயரோடு சேர்த்து உம் ஸியாத், அதாவது ஸியாதின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு அந்தச் சூடான அறையின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, விருந்தினர் அறையைத் திறந்தாள். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது.

"அங்கேயே உக்காரலாமே, நுஹா."

"நல்லா சொன்னீங்க. மெத்தையும் துணியுமா கிடக்கு. உங்கள அங்க உக்கார வச்சா எம் மாமியா கல்லறையிலருந்து எந்திரிச்சு வந்து திட்டும்."

அபூ குஸை அந்த அறையிலிருந்து சக்கரம் வைத்த கேஸ் கணப்பை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். வஜீஹாவின் முழங்காலுக்கு முன்னால் நிறுத்தி, சலாம் சொல்லிவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கியது.

"நீ ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வர்றதில்ல?"

"எப்படி வர்றது சொல்லுங்க? வந்தா எங்களுக்காகக் கணப்பப் பத்த வைப்பீங்க. உங்களுக்கு அந்தச் செலவு வைக்கவா? தெருவுல எல்லாரும் அதான் பேசிக்கிட்டோம், தனியா இருக்கிறவங்கள சிரமப்படுத்தக் கூடாதுன்னு."

"போன வாரம் பத்த வச்சேனே."

"பாத்தேன், பாத்தேன். புகை வந்துச்சு. ஸியாத் வந்திருக்கான், தாயும் புள்ளையும் நிம்மதியா பேசட்டும்னு எங்க வாலுங்களக்கூட அடக்கி வச்சேன்."

வஜீஹாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நல்ல மனசுகள் சேர்ந்து ஒருத்தியைத் தனியாக அடைத்துவைக்க முடியுமென்று யார் கண்டார்?

அப்போது சுவருக்கப்பால் சின்னவள் தாலாவின் குரல் வந்தது. "அப்பா, குளிருதுப்பா. அவங்க எப்பப்பா போவாங்க?"

"ஷ்ஷ்" என்றார் அபூ குஸை.

நுஹாவின் முகம் சிவந்தது. "அதுக்கு வாய் கொஞ்சம் நீளம். நீங்க இருங்க, டீ போடுறேன்."

"வேணாம்மா. ஸியாத் வந்துக்கிட்டிருக்கான். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." பொய் தயாராக நாக்கில் இருந்தது. அதைக் கையில் கொடுத்ததே நுஹாதான். "இந்தா, கஷ்கொட்டை. புள்ளைங்களுக்கு."

அவள் படியிறங்கும்போதே கணப்புச் சக்கரம் திரும்ப உருளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

வீட்டுக்கு வந்தவள் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேனைத் திறந்து கணப்பைப் பற்ற வைத்தாள். நுஹா ஜன்னல் வழியே பார்ப்பாள், ஸியாத் வந்துவிட்டான் என்று அவள் நம்பப் புகை வரவேண்டும். பிறகு போய்க் கதவைத் தாழ் போட்டாள். குளிர்காலம் முழுக்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவள், இன்றைக்கு யாரும் வந்துவிடக் கூடாதே என்று பயந்தபடி, விருந்தாளிக்கு வைத்திருந்த சூட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.